யாழ்ப்பாணத்துக் குசினிக்கு எந்த எண்ணெய், எந்த மா?

மாதச் சாமான் வாங்கப் போகும்போது இப்போதெல்லாம் அதிக நேரம் நின்று யோசிக்க வைப்பது எண்ணெய்த் தட்டுத்தான். முன்பு இதில் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. அன்றாடத்துக்குத் தேங்காயெண்ணெய், பத்தியத்துக்கும் சில கறிகளுக்கும் நல்லெண்ணெய், அவ்வளவுதான். இன்றைக்குப் பாம் எண்ணெய், சூரியகாந்தி, சோயா, ஒலிவ், மாஜரின், நெய் எல்லாம் ஒரே தட்டில் வரிசையாக நிற்கின்றன. யூடியூபில் ஒருவர் தேங்காயெண்ணெய் சர்வரோக நிவாரணி என்கிறார், இன்னொருவர் நஞ்சு என்கிறார். கிளினிக்கில் "எண்ணெயைக் குறையுங்கோ" என்று ஒரு வசனம் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எந்த எண்ணெயை, எதற்குப் பதிலாக, எவ்வளவு என்று சமைக்கிறவருக்கு யாரும் சொல்வதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேங்காயைத் தேங்காயாகவே சாப்பிடுங்கள். போத்தலில் வாங்குவது நல்லெண்ணெயாக இருக்கட்டும். பொரியலைக் குறைத்து, மிஞ்சுகிற காசைச் சின்ன மீனிலும் குரக்கனிலும் போடுங்கள். எல்லா வீட்டுக்கும் இது அப்படியே பொருந்தாது. எந்த வீட்டுக்கு எங்கே மாறும் என்பதையும் பார்ப்போம்.

கறிக்குள் இருக்கும் எண்ணெய்

கொழுப்பு என்றதும் எல்லோரும் எண்ணெய்ப் போத்தலைத்தான் பார்க்கிறோம். ஆனால் எங்கள் சமையலில் கொழுப்பின் பெரும்பங்கு போத்தலில் இருந்து வருவதில்லை, தேங்காயில் இருந்து வருகிறது. காலையில் இடியப்பத்துக்குச் சொதியும் சம்பலும். மத்தியானம் இரண்டு கறிக்காவது பால் விடுகிறோம், வறைக்குத் தேங்காய்ப்பூ போடுகிறோம். இரவு புட்டுக்குள்ளும் தேங்காய்ப்பூ. ஐந்து பேர் இருக்கிற வீட்டில் நாளுக்கு ஒரு தேங்காய் போவது சாதாரணம்.

பச்சைத் தேங்காய் 100 கிராமில் சுமார் 33 கிராம் கொழுப்பு இருக்கிறது. அதில் 30 கிராம் அளவு நிறைவுற்ற கொழுப்பு, அதாவது இரத்தத்தில் கெட்ட கொழுப்பான எல்டிஎல்லைக் கூட்டுகிற வகை. ஒரு நடுத்தரத் தேங்காயைத் திருவினால் 300 கிராம் பூ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் நிறைவுற்ற கொழுப்பு மட்டும் 90 கிராம். பால் பிழிந்த சக்கையோடு மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது என்று கழித்தாலும் 60 கிராம் கறிக்குள் இறங்குகிறது. ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 12 கிராம்.

ஒருவர் நாளாந்தம் பெறும் கலோரியில் நிறைவுற்ற கொழுப்பின் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது சுமார் 22 கிராம். எண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திறக்க முன்னமே அதில் பாதிக்கு மேல் தேங்காய் எடுத்துக்கொண்டுவிட்டது. அதற்கு மேல் ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் உள்ளே போனால் இன்னும் 11 அல்லது 12 கிராம். எல்லை முடிந்தது. பால்மா போட்ட தேநீர், பிஸ்கற், ஆட்டிறைச்சி எதையும் இன்னும் எண்ணவில்லை.

இதற்காகத் தேங்காயை நிறுத்த வேண்டுமா? வேண்டாம். பூவாகச் சாப்பிடும்போது 100 கிராமுக்கு 9 கிராம் அளவு நாரும் சேர்ந்து வருகிறது. எண்ணெயில் நார் துளிகூட இல்லை. வல்லாரைச் சம்பலிலும் முருங்கையிலை வறையிலும் தேங்காய் சேருவதற்கு ருசி மட்டும் காரணம் இல்லை. கீரையில் இருக்கிற கரோட்டின் கொழுப்பில் கரைவது, கொஞ்சமாவது கொழுப்பு கூட இருந்தால்தான் குடல் அதை ஒழுங்காக எடுத்துக்கொள்ளும். எண்ணெயும் தேங்காயும் இல்லாமல் கீரையை வெறுமனே அவித்துச் சாப்பிடச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்கமாட்டேன்.

ஆக, தேங்காய் ஏற்கெனவே இருக்கிற குசினிக்கு மேலதிகமாக எந்த எண்ணெய் என்று கேட்க வேண்டும். உலகத்திலேயே சிறந்த எண்ணெய் எது என்று தேடுவது எங்களுக்குப் பயன்படாத தேடல். ஸ்பெயின்காரருக்குச் சரியான விடை எங்களுக்குச் சரியாக வரவேண்டிய அவசியம் இல்லை, அவர்களுடைய கறியில் தேங்காய்ப்பால் கிடையாது.

போத்தலுக்குள் எது

எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 120 கலோரிதான். "இது லேசான எண்ணெய்" என்று விளம்பரம் சொன்னால் நம்பாதீர்கள். வேறுபடுவது உள்ளே இருக்கிற கொழுப்பின் வகை. ஒரு மேசைக்கரண்டியில் நிறைவுற்ற கொழுப்பு தேங்காயெண்ணெயில் 12 கிராம் அளவு, நெய்யில் 8, பாம் எண்ணெயில் 7. நல்லெண்ணெயிலும் ஒலிவ் எண்ணெயிலும் 2, சூரியகாந்தியில் ஒன்றரை.

தேங்காயெண்ணெயில் இருந்து தொடங்குவோம். எங்களுக்கு மிகவும் நெருங்கியது அதுதான். பளைப் பக்கத்துத் தென்னந்தோட்டங்களின் காயில் ஆட்டிய எண்ணெயின் வாசத்துக்கு ஈடு இல்லை. சூட்டில் எளிதில் கெடாது, வைத்தால் சிக்கு வாடை சீக்கிரம் வராது. ஆனால் அதில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, அதிலும் பாதி அளவு லோரிக் அமிலம். லோரிக் அமிலம் நல்ல கொழுப்பான எச்டிஎல்லையும் கூட்டும் என்பது உண்மை. எல்டிஎல்லையும் சேர்த்துத்தான் கூட்டும். 2020 இல் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு மதிப்பீட்டில், வெப்பநாடுகளுக்கு வெளியே விளையும் தாவர எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காயெண்ணெய் எல்டிஎல்லை ஒரு டெசிலீற்றருக்கு 10 மில்லிகிராம் அளவு உயர்த்தியிருந்தது. உடல் மெலியும் என்ற விளம்பரங்களில் காட்டுகிற ஆய்வுகள் பெரும்பாலும் வேறு, இன்னும் குறுகிய சங்கிலிக் கொழுப்புகளைத் தனியே பிரித்துச் செய்தவை. போத்தலில் நாங்கள் வாங்குவது அது இல்லை.

"ஆச்சியும் அப்புவும் தேங்காயெண்ணெயில்தானே எண்பது தொண்ணூறு வயது இருந்தார்கள்?" இந்தக் கேள்வி வராத வீடு இல்லை. மரியாதையோடு பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. பசிபிக் கடலில் டோக்கெலாவ், புக்கபுக்கா என்று சில தீவுகள் இருக்கின்றன. டோக்கெலாவ் மக்களுடைய உணவில் பாதிக்கு மேற்பட்ட கலோரி தேங்காயில் இருந்தே வந்தது. 1981 இல் வெளிவந்த ஆய்வில், தேங்காய் குறைவாகச் சாப்பிட்ட புக்கபுக்காக்காரரைவிட அவர்களுக்குக் கொலஸ்ரோல் கூடத்தான் இருந்தது. ஆனால் இரண்டு தீவிலும் இருதய நோய் பெரிதாக இருக்கவில்லை. அவர்கள் மீன் சாப்பிட்டார்கள், சீனியும் உப்பும் குறைவு, கடைச் சாப்பாடு இல்லை, நாள் முழுக்க உடம்பால் வேலை செய்தார்கள். அப்புவும் துலா மிதித்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினார். பொரியல் வீட்டில் விசேஷத்துக்கு மட்டும். அவருடைய எண்ணெயை மட்டும் எடுத்து எங்களுடைய மோட்டார் சைக்கிள், பேக்கரி, மூன்றுவேளைப் பால்தேநீர் வாழ்க்கைக்குள் வைத்துவிட்டு, அவருக்குக் கிடைத்த ஆயுளை எதிர்பார்க்க முடியாது.

பாம் எண்ணெயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மலிவு. "மரக்கறி எண்ணெய்" என்ற பெயரில் வருகிற பலதும் அதுதான். நிறைவுற்ற கொழுப்பு கிட்டத்தட்டப் பாதி, அதாவது தேங்காயெண்ணெயைவிடக் குறைவு, மற்ற விதை எண்ணெய்களைவிட மிகக் கூட. 2021 ஏப்ரலில் இலங்கை அதன் இறக்குமதியைத் தடை செய்தது, பிறகு தளர்த்தியது. அந்தத் தடை தென்னைத் தொழிலையும் தோட்ட நிலத்தையும் மனதில் வைத்து வந்தது. அதை வைத்துப் பாம் எண்ணெய் நஞ்சு என்று முடிவு கட்ட வேண்டாம். கையில் காசு குறைந்த மாதத்தில் இதை வாங்குகிற வீட்டை நான் குறை சொல்லமாட்டேன். குறைவாகப் பாவியுங்கள், ஒரு தடவை பொரித்ததை மறுபடி பொரிக்காதீர்கள்.

சூரியகாந்தியும் சோயாவும் இணையத்தில் அநியாயமாகத் திட்டு வாங்குகின்றன. "விதை எண்ணெய் உடம்பை அழற்சியாக்கும்" என்ற பேச்சு எல்லா இடத்திலும் ஓடுகிறது. மனிதரில் செய்த ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்க இருதயச் சங்கம் 2017 இல் பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்து, நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாக இந்த வகை எண்ணெயைப் பாவித்தவர்களுக்கு இருதய நோய் 30 சதவீதம் அளவில் குறைந்ததாக அறிவித்தது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. சூரியகாந்தி எண்ணெயை நீண்ட நேரம் கொதிக்க வைத்தால், திரும்பத் திரும்பச் சூடாக்கினால், மற்றவற்றைவிட வேகமாகச் சிதைந்து கூடாத பொருள்கள் உண்டாகும். தாளிதத்துக்கும் வதக்கவும் நல்ல எண்ணெய், வடைச் சட்டியில் நாள்கணக்கில் நிற்க ஏற்றது அல்ல.

இனி நல்லெண்ணெய். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், கையருகே இருந்தும் நாங்கள் மறந்துகொண்டு வருவது இதைத்தான். பிள்ளை பெரியபிள்ளை ஆனால் உளுத்தங்களிக்கும் முட்டைக்கும் நல்லெண்ணெய். பிள்ளைப்பெற்றவளின் பத்தியக்கறிக்கு நல்லெண்ணெய். கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கிக் கொடுக்காத வீடு இருந்ததா? பெண்ணின் உடம்பு பலமாக வேண்டிய நேரத்தில் எங்கள் ஆட்கள் தேடி எடுத்தது இந்த எண்ணெயைத்தான். "வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்ற பழமொழியில் வருகிற வாணியனும் எள்ளுச் செக்கு ஆட்டியவரே.

அதன் உள்ளே பார்த்தால் ஏறத்தாழ 40 சதவீதம் ஒலிவ் எண்ணெயில் முதன்மையாக இருக்கிற அதே ஒலெயிக் அமிலம். இன்னொரு 40 சதவீதத்துக்குச் சற்று மேல் சூரியகாந்தியில் இருக்கிற லினோலெயிக் அமிலம். நிறைவுற்ற கொழுப்பு 15 சதவீதத்துக்குள். இப்படிப் பாதிக்குப் பாதி கலந்த எண்ணெய் இயற்கையில் அதிகம் இல்லை. அதோடு எள்ளுக்கே உரிய செசமின், செசமோலின் என்ற பொருள்கள் இருக்கின்றன. அவற்றால்தான் லினோலெயிக் இவ்வளவு இருந்தும் நல்லெண்ணெய் சீக்கிரம் கெடுவதில்லை. தேங்காய்ப்பால் ஏற்கெனவே நிறைவுற்ற கொழுப்பைக் கொண்டுவருகிற குசினிக்கு, அது கொண்டுவராததைக் கொண்டுவருகிற எண்ணெய் இது. நான் இதைத் தேர்ந்தெடுக்க முதற்காரணம் அதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. வன்னியில் நெல் வெட்டிய வயலில் மிஞ்சியிருக்கிற ஈரத்தில் எள்ளு விதைக்கிறார்கள். தண்ணீர் அதிகம் கேட்காத பயிர். யாழ்ப்பாணத்தில் நல்லெண்ணெய் வாங்குகிறவரின் காசில் ஒரு பங்கு கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வயல்களுக்குப் போக வாய்ப்பு இருக்கிறது. கடையில் கேட்டு, உள்ளூர் எள்ளில் ஆட்டியதாகப் பார்த்து வாங்குங்கள்.

குறைகளும் உண்டு. விலை மற்றவற்றைவிடக் கூட. கலப்படம் நடக்கிறது, மிக மலிவாகக் கிடைக்கிற நல்லெண்ணெயைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். செக்கெண்ணெய் அதிகச் சூட்டில் புகையும், ஆழப் பொரிக்க உகந்ததல்ல. எள்ளு ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். மணம் தூக்கலாக இருப்பதால் சில கறிக்குப் பிள்ளைகள் முகம் சுளிக்கலாம், அந்தக் கறிக்குச் சூரியகாந்தி பாவியுங்கள். சின்னப் போத்தலாக வாங்கி, வெளிச்சம் படாத இடத்தில் வைத்து, வாங்கியதை முடித்துவிட்டு அடுத்ததை வாங்குவது நல்லது. கலப்படத்தைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும்: 2021 மார்ச்சில் இறக்குமதியான தேங்காயெண்ணெயில் அஃப்ளாரொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டு நாடே பதறியது. எந்த எண்ணெயை வாங்கினாலும் எங்கே ஆட்டியது, எப்போது ஆட்டியது என்று தெரிந்த இடத்தில் வாங்குவது பாதுகாப்பு.

ஒலிவ் எண்ணெய் வெளிநாட்டில் இருந்து வருகிற உறவுகள் கொண்டுவரும் பொதியில் இருந்தால் சந்தோஷமாகப் பாவியுங்கள். ஸ்பெயினில் 7000க்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2013 இல் வெளியிட்டு, முறைகளில் இருந்த பிசகுகளைத் திருத்தி 2018 இல் மறுபடி வெளியிட்ட பெரிய ஆய்வில், ஒலிவ் எண்ணெயோ கொட்டைப்பருப்பு வகைகளோ சேர்ந்த உணவு மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவற்றைக் குறைத்தது. கவனியுங்கள், பாதாம், வால்நட் போன்றவற்றைச் சாப்பிட்ட குழுவுக்கும் அதே அளவு நன்மை கிடைத்தது. இங்கே சூப்பர் மார்க்கெட் விலைக்கு ஒலிவ் எண்ணெய் வாங்குவதைவிட அந்தக் காசுக்கு நல்லெண்ணெயும் கச்சானும் வாங்குவது மேல் என்பது என் கணிப்பு. நல்லூர்த் திருவிழா முடிந்தும் கச்சான் சாப்பிடலாம். 100 கிராமில் 49 கிராம் கொழுப்பு, அதில் பெரும்பகுதி நல்ல வகை, 25 கிராம் புரதம். பூஞ்சணம் பிடித்த, சுருங்கிக் கசக்கிற பருப்பைத் துப்பிவிடுங்கள். அதே அஃப்ளாரொக்சின் அதிலும் வரும்.

நெய் ஒரு கரண்டி சோற்றில் விட்டுச் சாப்பிடுவது இன்பம். அன்றாடத் தாளிதத்துக்கு நெய் வேண்டாம். மாஜரினைப் பொறுத்தவரை, பாணுக்குப் பூசத்தான் வேண்டும் என்றால் பக்கற்றைத் திருப்பிப் பாருங்கள். செயற்கையாகக் கெட்டியாக்கிய கொழுப்பில் ட்ரான்ஸ் கொழுப்பு வரும், இருதயத்துக்கு அதைவிடக் கூடாத கொழுப்பு வேறு இல்லை. உலக சுகாதார நிறுவனம் அதை 2023க்குள் உணவில் இருந்தே ஒழிக்க வேண்டும் என்று 2018 இல் கேட்டுக்கொண்டது. "ஹைட்ரஜனேற்றிய" என்ற சொல் இருந்தால் தட்டில் திரும்ப வைத்துவிடுங்கள். பேக்கரியில் வாங்குகிற பற்றீசுக்கும் கேக்குக்கும் பக்கற்று இல்லை, அதனால் திருப்பிப் பார்க்கவும் முடியாது. அங்கே செய்யக்கூடியது குறைவாக வாங்குவது மட்டும்தான்.

பொரியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்ணெயை மாற்றுவதைவிட, எண்ணெயில் முக்கி எடுப்பதைக் குறைப்பது பெரிய மாற்றம். வாழைக்காயும் கத்தரிக்காயும் எண்ணெயை எவ்வளவு குடிக்கும் என்று பொரிக்கிற எல்லோருக்கும் தெரியும். கிழமையில் ஒரு நாள் பொரியல், அதுவும் புது எண்ணெயில் என்று வைத்தால், மாதத்தில் மிஞ்சுகிற காசு நல்லெண்ணெய்க்கும் மற்ற எண்ணெய்களுக்கும் இடையில் இருக்கிற விலை வித்தியாசத்தைப் பெரும்பாலும் சரிக்கட்டும்.

மாவும் அரிசியும்

நல்ல கொழுப்பை வாங்கி வைத்துவிட்டு, மூன்று வேளையும் வெள்ளை மாவைச் சாப்பிட்டால் பலன் அரைவாசிதான். நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து அந்த இடத்தைப் பாணாலும் சீனியாலும் நிரப்பினால் இருதயத்துக்கு நன்மை எதுவும் காணோம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. சலரோகம் இல்லாத வீடு அரிதாகிவிட்ட எங்கள் ஊரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

கோதுமை மா எங்களுடைய பழைய சாப்பாடு இல்லை. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோன பிறகுதான் அது எல்லா வீட்டுக்கும் வந்தது. இன்றைக்குப் புட்டும் இடியப்பமும் பல வீடுகளில் அவித்த கோதுமை மாவில்தான். சுலபம், மிருது, எங்கும் கிடைக்கும். தவிடும் முளையும் போன மா என்பதால் நாரும் குறைவு, இரத்தத்தில் சீனியை வேகமாக ஏற்றும்.

அதற்குப் பதில் மூன்று இருக்கின்றன. தீட்டாத சிவப்பரிசி முதலாவது. மொட்டைக்கறுப்பன் என்ற நெல்லினம் கிடைத்தால் விடாதீர்கள். மத்தியானச் சோற்றுக்கு அதைப் புழுங்கலாகவே ஆக்குங்கள். அவித்துக் காயவிடும்போது தவிட்டில் இருக்கிற பி1 உயிர்ச்சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கும். முழுமணியாகச் சாப்பிடுவது அதே அரிசியை மாவாக்கிப் பிழிந்து சாப்பிடுவதைவிட மெதுவாகச் சமிக்கும் என்பதையும் நினைவில் வைத்தால், சலரோகக்காரருக்கு இடியப்பத்தைவிடச் சோறு சில நேரம் நல்லதாக இருக்கும்.

இரண்டாவது குரக்கன். 100 கிராமில் 340 மில்லிகிராம் அளவு கல்சியம். தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்தான். வயது போன பெண்களின் எலும்புக்கு இதைவிட மலிவான தானியம் எனக்குத் தெரியவில்லை. கழுவி, காயவிட்டு, மில்லில் அரைப்பித்தால் கோதுமை மா கலந்திருக்குமோ என்ற பயமும் இல்லை. ஆனால் "குரக்கன்தானே" என்று இரண்டு மடங்கு சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் மாப்பொருள்தான். ஒரு நீத்துப்பெட்டி புட்டு போதும் என்றால் குரக்கனிலும் அதே அளவுதான்.

மூன்றாவது ஒடியல், அதாவது பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா. இதன் சிறந்த வடிவம் கூழ். நண்டு, இறால், மீன், பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை, பழப்புளி, அரைத்த செத்தல் மிளகாய் எல்லாம் ஒரே பானையில். யோசித்துப் பாருங்கள், இதில் ஒரு துளி எண்ணெய் ஊற்றுவதில்லை. கொழுப்பு என்று இருப்பது மீனில் இருப்பதுதான். கடலுணவு, கீரை, காய், கிழங்கு என்று முழு உணவை ஒரு சிரட்டையில் தரக்கூடிய சாப்பாட்டை எங்கள் கரையோர மக்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது கூழ் காய்ச்சுங்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: எலிகளுக்குக் கொடுத்துச் செய்த ஆய்வுகளில் ஒடியல் மாவுக்கு நச்சுத்தன்மை தெரிந்திருக்கிறது. மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிகிற கசப்பு நீரை வடித்து ஊற்றி, பிறகு நன்றாகச் சமைக்கிற பழைய முறையை மாற்றாதீர்கள். பச்சை மாவைப் பானத்தில் கலக்கிக் குடிக்கச் சொல்கிற புது யோசனைகள் வேண்டாம். தினம் சாப்பிடுகிற மாவாகவும் அதை வைக்க வேண்டாம்.

பனங்கட்டியை இதோடு சேர்த்துக் கேட்பார்கள். தொண்ணூறுகளின் தடைக்காலத்தில் சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்த தலைமுறைக்கு அதன்மேல் இருக்கிற பாசம் எனக்கும் உண்டு. சீனியைவிடச் சில தாதுக்கள் அதில் கூட. ஆனால் பெரும்பகுதி அதே சுக்குரோசுதான். சலரோகக்காரர் அதைச் சீனியாகவே எண்ண வேண்டும்.

சின்ன மீனா, குளிசையா

மீன் எண்ணெய்க் குளிசை பார்மசிகளில் நன்றாக விற்கிறது. வெளிநாட்டில் இருந்தும் பெரிய போத்தல்களில் வருகிறது. பொதுவாக ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் சலரோகக்காரருக்கும் அந்தக் குளிசை மாரடைப்பைத் தடுக்குமா என்று பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு 2018 இல் வந்தது. எதிர்பார்த்த பலன் இரண்டிலும் கிடைக்கவில்லை. டொக்டர் ஒரு காரணத்தோடு எழுதித் தந்திருந்தால் அது வேறு.

குருநகரிலும் பாசையூரிலும் காலையில் கரைக்கு வருகிற சூடை மீனில் அதே ஒமேகா-3 கொழுப்பு இருக்கிறது. கூடவே புரதம், முள்ளோடு சாப்பிட்டால் கல்சியம். அறுக்குளா, பாரை விலையைப் பார்த்துவிட்டு மீன் வாங்க வசதியில்லை என்று திரும்புகிறவர்கள், சூடையையும் நெத்தலியையும் பாருங்கள். இந்தச் சின்ன மீன்கள் பெரிய மீன்களைப்போல மற்ற மீனைத் தின்று வளர்வதில்லை, அதனால் பாதரசமும் குறைவு. கிழமைக்கு இரண்டு தரம் போதும். புளி விட்டுக் குழம்பாக, அல்லது சொதியாக. பொரித்தால் மீனின் நல்ல கொழுப்போடு சட்டியின் எண்ணெயும் சேர்ந்து வரும். கடலுக்குப் போகாத நாளில் ரின்மீன் வாங்கலாம், உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு. கருவாட்டிலும் அந்தக் கொழுப்பில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும், ஆனால் உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் என்ற எல்லையை ஒரு கறியே எட்டிவிடும்.

சைவ வீடுகளுக்கு மீனுக்கு நேரான மாற்று இல்லை. ஆளிவிதையில் இருக்கிற ஒமேகா-3ஐ உடம்பு மீனில் இருக்கிற வகையாக மாற்றுவது மிகக் குறைவு. அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. நல்லெண்ணெய், கச்சான், எள்ளு, உளுந்து, பயறு, கீரை இருக்கிற சைவச் சாப்பாடு இருதயத்துக்கு நல்ல சாப்பாடுதான். சைவ வீடுகளில் நான் கவலையோடு பார்ப்பது, மச்சம் இல்லாத குறையை ஈடுசெய்யப் பால்கறியும் பொரியலும் கூடிப்போவது.

எந்த வீட்டுக்கு எது

வீட்டில் ஒருவருக்கு எல்டிஎல் கூட, அல்லது நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது என்றால், தேங்காயெண்ணெயைப் போத்தலில் வாங்குவதை நிறுத்திவிட்டு நல்லெண்ணெய்க்கோ சூரியகாந்திக்கோ மாறுங்கள். தேங்காய்ப்பாலையும் நாளுக்கு ஒரு கறியோடு நிறுத்துங்கள், பூவாகப் போடுவது இருக்கட்டும். சலரோகம்தான் முதற்பிரச்சினை என்றால் எண்ணெயை விட மாவை முதலில் மாற்றுங்கள், இரவுச் சாப்பாட்டில் இருந்து தொடங்கினால் வீட்டுக்காரர் பழகுவது சுலபம். சிறுநீரக நோய் உள்ளவர் கீரை, கச்சான், குரக்கன் எதையும் கூட்டுவதற்கு முன் கிளினிக்கில் கேட்க வேண்டும், அவற்றில் இருக்கிற பொட்டாசியமும் பொசுபரசும் அவர்களுக்குக் கூடாமல் போகலாம். ஓடியாடி விளையாடுகிற சின்னப் பிள்ளைகள், எடை குறைந்த பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அவர்களுடைய கோப்பையில் கொழுப்பைக் குறைக்க வேண்டாம். முழு முட்டை, தேங்காய்ப்பூ, எள்ளுப்பாகு எல்லாம் அவர்களுக்கு வேண்டியவை.

யாருக்கும் நோயில்லாத, வேலைவெட்டி செய்கிற, பொரியல் குறைந்த வீட்டில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் இருந்தால் அதை எடுத்து எறியத் தேவையில்லை. அதன் வாசம் வேண்டிய ஒன்றிரண்டு கறிக்கு அதையே விடுங்கள்.

காசு இறுகின மாதத்தில் எதை முதலில் விடுவது? ஒலிவ் எண்ணெய், மீன் எண்ணெய்க் குளிசை, மாஜரின், பிஸ்கற். இந்த நான்கையும் விட்டால் எதுவும் குறையாது. நல்லெண்ணெயைப் பாதி அளவாக்கலாம், தாளிதத்துக்கு ஒரு தேக்கரண்டி போதும். முருங்கையிலை வேலியில் இருக்கிறது. சூடை மீனை மட்டும் விடாதீர்கள்.

மாற்றம் செய்து மூன்று மாதம் கழித்துக் கொழுப்புப் பரிசோதனையை மறுபடி செய்து பாருங்கள். எல்டிஎல் சாப்பாட்டுக்கு ஏற்ப அசைவதற்கு அந்தக் காலம் போதும். பழைய றிப்போட்டையும் புதியதையும் கிளினிக்குக்கு ஒன்றாகக் கொண்டுபோய், எண்ணெயில் என்ன மாற்றினீர்கள், தேங்காய் எவ்வளவு குறைத்தீர்கள் என்று வாய்திறந்து சொல்லுங்கள். கொலஸ்ரோல் குளிசையின் அளவைக் குறைப்பதும் கூட்டுவதும் அவர்கள் முடிவாக இருக்கட்டும், இலக்கம் நன்றாக வந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். இலக்கம் இறங்கவில்லை என்றால் அடுத்ததாகக் கைவைக்க வேண்டியது முதற்பாலில். சொதிக்கு இரண்டாம் பால் மட்டும் விடுங்கள், இறைச்சிக் கறியைப் பால் இல்லாமல் தூளிலும் பழப்புளியிலும் வற்ற வையுங்கள்.